டாம் லாங்போட் பயிற்சிக்குச் சோம்பினாரா?

கனடாவின் பழங்குடி ஓட்டக்காரர் டாம் லாங்போட் பிறவித் திறமையால் மட்டுமே வென்றவர், பயிற்சி செய்யச் சோம்பினார், குடித்தார், கடைசியில் டொராண்டோ நகரத் தெருக்களில் குப்பை அள்ளினார் என்று எங்கோ ஒரு சிறு குறிப்பில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 3000 மீட்டர் ஓடும் உங்கள் 16 வயது மகனும் வாரத்தில் சில நாள் ஓடாமல் வெறுமனே நடந்துவிட்டு வீடு திரும்புகிறான். இந்தக் கதையைச் சொல்லி அவனைத் திருத்தலாமா என்று கேட்கிறீர்கள். லாங்போட்டைப் பற்றிய கேள்வியாக எழுதியிருந்தாலும், நடந்துவிட்டு வரும் பையன் சோம்பேறியா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நூறு ஆண்டுகளுக்கு முன் லாங்போட்டின் மேல் விழுந்த பழியும் ஏறக்குறைய இதேதான்: ஓட வேண்டிய நாளில் நடக்கிறான்.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். நடுத்தர, நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருபவன். லாங்போட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஆர்வத்தோடு படித்திருக்கிறேன். ஆகவே அவருடைய பயிற்சி முறையைப் பற்றியும் பந்தயங்களை அவர் ஓடிய விதத்தைப் பற்றியும் தயங்காமல் பேசுவேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பது மருத்துவம் சார்ந்தது. அதில் என் சொல்லுக்கு அவ்வளவு எடை கிடையாது.

அவர் ஒனொண்டாகா இனத்தவர். ஒன்டாரியோ மாநிலத்தில் பிராண்ட்ஃபோர்டு ஊருக்கு அருகே, கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ‘ஆறு தேசங்கள்’ பழங்குடி நிலப்பகுதியில் பிறந்தார். ஆண்டு 1886 என்றும் 1887 என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். நாளையும் ஜூன் 4 என்றும் ஜூலை 4 என்றும் இரு விதமாகக் குறிக்கிறார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழியையும் வழிபாட்டையும் மறக்கச் செய்த உறைவிடப் பள்ளிகளில் ஒன்றான மோஹாக் இன்ஸ்டிட்யூட்டில் அவரையும் சேர்த்தார்கள். ஓடிப்போனார்; பிடித்து வந்தார்கள். மறுபடியும் ஓடிப்போனார், அந்த முறை உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்து தப்பினார். புகழ் பெற்ற பிறகு அதே பள்ளி அவரைப் பேச அழைத்ததாகவும், என் நாயைக்கூட அங்கே அனுப்பமாட்டேன் என்று அவர் மறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அதே சொற்களில்தான் சொன்னாரா என்பது வேறு விஷயம். இரண்டு முறை ஓடிப்போன பையன் என்ன நினைத்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஓட்டம் அந்த மக்களுக்குப் புதிதல்ல. லாங்போட்டுக்கு முன்பே அதே நிலப்பகுதியைச் சேர்ந்த பில் டேவிஸ் 1901 பாஸ்டன் மாரத்தானில் இரண்டாவதாக வந்திருந்தார். இளைஞனான லாங்போட்டை ஊக்குவித்தவர்களில் அவரும் ஒருவர். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், ‘பிறவித் திறமை’ என்ற சொல்லுக்குள் இந்த மாதிரியான கல்வி முழுவதும் காணாமல் போய்விடுகிறது. ஓடத் தெரிந்தவர்களுக்கு நடுவில் வளர்ந்து, அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒருவரை, காட்டில் மானோடு ஓடிப் பழகியவர் என்று பத்திரிகைகள் வர்ணித்துவிட்டன.

1905இல் கலெடோனியா என்ற ஊரில் விக்டோரியா நாள் பந்தயத்தில் 5 மைல் ஓடி இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தை வென்றார். 1906 அக்டோபரில் ஹாமில்டன் நகரில் வளைகுடாவைச் சுற்றி நடக்கும் பந்தயம். 1894இல் தொடங்கிய அந்தப் பந்தயம் பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று ஆண்டு மூத்தது, இன்றும் நடக்கிறது, தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். யாருக்கும் தெரியாத பையனாகப் போய், இரண்டாவதாக வந்தவரைச் சுமார் மூன்று நிமிடம் பின்னே விட்டு வென்றார். அடுத்து, 1907 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன்.

பாஸ்டன் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் அவருடைய நேரம் 2 மணி 24 நிமிடம் 24 நொடி என்று மட்டும் போட்டுவிட்டு, ‘அந்தக் காலத்திலேயே 2:24 மாரத்தான்’ என்று வியந்துவிடுகிறார்கள். நேரம் சரிதான். ஆனால் அப்போது பாஸ்டன் பாதை 42.195 கிலோமீட்டர் கிடையாது. சுமார் 39 கிலோமீட்டர், மைலில் சொன்னால் ஏறக்குறைய 24 அரை. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி அளவில் வருகிறது. இன்றைய தரத்துக்கு அது மாநில அளவில் ஓடுகிற ஒரு நல்ல மாரத்தான் வீரரின் வேகம். ஆனால் அன்று அது என்ன என்பதை அன்றைய கணக்கில்தான் பார்க்க வேண்டும்: அதே பாதையில் 1901இல் ஜாக் காஃப்ரி ஓடிய சாதனை நேரத்தைவிட ஏறக்குறைய 5 நிமிடம் குறைவு. அதுவும் குளிர்ந்த, ஈரமான நாளில், மண் சாலையில்.

அந்தப் பந்தயத்தில் ஒரு ரயில் சம்பவம் உண்டு. சவுத் ஃபிரேமிங்ஹாம் அருகே சரக்கு ரயில் ஒன்று பாதையைக் கடந்தது. முன்னணியில் இருந்த சிலர் அதற்குள் தாண்டிவிட, பின்னால் வந்தவர்கள் ரயில் போகும்வரை நிற்க வேண்டியதாயிற்று. லாங்போட் தாண்டியவர்களில் ஒருவர். ‘ரயில்தான் அவரை ஜெயிக்க வைத்தது’ என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ரயிலைத் தாண்டியது அவர் மட்டும் அல்லர். கூடவே தாண்டியவர்களையும் அவர் கடைசி மைல்களில் மேட்டுப் பாதையில் தனியாகக் கழற்றிவிட்டு வந்தார். இரண்டாவதாக வந்த ராபர்ட் ஃபௌலருக்கும் அவருக்கும் இடையே மூன்று நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மூன்றாவதாக வந்தவர் ஜானி ஹேய்ஸ், அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கப்போகிறவர்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். டொராண்டோவுக்கு வந்த லாங்போட் முதலில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கிப் பயிற்சி செய்தார். அங்கே நேரக் கட்டுப்பாடு, புகை பிடிக்கத் தடை, ஒத்துவரவில்லை. பிறகு அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் டாம் ஃபிளானகன், ஐரிஷ் கனடியர்களின் விளையாட்டுக் கழகத்தை நடத்தியவர், விளம்பரத்தில் கெட்டிக்காரர். ஃபிளானகனும் அவருக்குப் பின் வந்த மேலாளர்களும் சொன்ன குறை ஒன்றே: லாங்போட் தினமும் ஓட மறுக்கிறார். ஒரு நாள் கடுமையாக ஓடுவார், மறுநாள் பல மைல் தூரம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார், இல்லாவிட்டால் கைப்பந்து ஆடுவார், வலை கட்டிய கோலால் பந்தாடும் லாக்ராஸ் ஆடுவார். பந்தயத்துக்கு முன் ஊருக்குப் போய்விடுவார். மேலாளர்களின் கண்ணுக்கு இது சோம்பல். பத்திரிகைகளுக்கு இது ‘இந்தியன் புத்தி’; பழங்குடியினரை அங்கே அப்போது ‘இந்தியன்’ என்றுதான் சொன்னார்கள்.

இதைப் படிக்கும்போது எந்தப் பயிற்சியாளருக்கும் உடனே ஒன்று புரியும். கடினமான நாள், இலகுவான நாள் என்று மாற்றி மாற்றி வைப்பதைத்தான் 1960களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மன் ஒரு முறையாகவே வகுத்தார். இன்று உலகில் எந்த நாட்டில் நீண்ட தூரப் பயிற்சி அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் அது இருக்கும். காரணம் எளிது. ஓட்டத்தில் உடல் தேய்கிறது. ஓய்வில்தான் அது முன்பைவிட வலுவாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. தசையில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து ஒரு நீண்ட ஓட்டத்தில் கரைந்தால் மீண்டும் நிரம்ப ஒரு நாளாவது வேண்டும். தசைநாருக்கும் எலும்புக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். அந்த இடைவெளியில் நடப்பது இரத்த ஓட்டத்தைக் குறைக்காமல், அடியின் அதிர்ச்சி இல்லாமல், காலைத் தளர்த்துகிறது. எல்லா நாளும் ஒரே வேகத்தில் முக்கி ஓடும் பையன்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் டைமிங் இறங்கும், நான்காம் மாதம் முழங்கால் கீழெலும்பில் வலி என்று வந்து நிற்பார்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். லாங்போட்தான் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று சில ரசிகர்கள் எழுதுகிறார்கள்; அவ்வளவு தூரம் போகக்கூடாது. நீண்ட நடை அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் பலரின் பயிற்சியிலும் உண்டு. அவர் எந்த அட்டவணையையும் எழுதிவைத்துப் பின்பற்றியதற்குச் சான்றும் இல்லை. நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தன் உடல் கேட்டதை அவர் கவனித்தார், அதற்குக் குறுக்கே வந்த மேலாளர்களுக்கு அவர் பணியவில்லை, அவர் செய்ததைப் பிற்காலப் பயிற்சி அறிவியல் சரி என்று காட்டியிருக்கிறது. மேலாளர்களுக்கு வேறு அவசரம் இருந்தது. அவர் ஓடினால்தான் டிக்கெட் விற்கும். ஓய்வு எடுக்கும் ஓட்டக்காரர் அவர்களுக்கு நஷ்டம்.

1908 லண்டன் ஒலிம்பிக். அவர் பணம் வாங்காமல் ஓடும் அமெச்சூர் அல்லர், தொழில்முறை ஓட்டக்காரர் என்று அமெரிக்கச் சங்கம் எதிர்த்தது. இருந்தும் ஓட அனுமதி கிடைத்தது. ஜூலை 24, புழுக்கமான வெயில். வின்ட்சர் கோட்டையிலிருந்து ஒயிட் சிட்டி மைதானம்வரை 26 மைல் 385 கஜம். இன்றைய மாரத்தான் தூரம் அந்தப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். லாங்போட் முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார், 17ஆம் மைலுக்கு மேல் தள்ளாடினார், நடந்தார், 20 மைல் அளவில் சரிந்து விலகினார். இது வரையில் உறுதி.

பிறகுதான் ஐயம். கனடா அணியின் மேலாளர் ஹோவர்டு கிராக்கர், திடீரெனச் சரிந்ததையும் நாடி பலவீனமாக இருந்ததையும் வைத்து, ஏதோ ஊக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தம் அறிக்கையில் எழுதினார். அந்தக் காலத்தில் ஊக்க மருந்து என்றால் பெரும்பாலும் ஸ்டிரிக்னின். நம் ஊர் எட்டிக் கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. சிறிதளவு கொடுத்தால் நரம்பை உசுப்பும் என்று நம்பினார்கள். அதைத் தடுக்கும் விதியும் கிடையாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் ஹிக்ஸ் ஓட ஓட அவருக்கு முட்டை வெள்ளைக்கருவோடு ஸ்டிரிக்னின் கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள், அவர்தான் தங்கமும் வாங்கினார். ஆகவே கிராக்கரின் ஐயம் கற்பனை என்று தள்ள முடியாது. சூதாட்டப் பணத்துக்காக ஃபிளானகன் தரப்பே செய்தது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதற்கு யாரும் ஆதாரம் காட்டியதில்லை, நானும் அதை நம்பிப் பேசமாட்டேன். மறுபக்கம் வெயிலைப் பாருங்கள். அன்று புறப்பட்டவர்கள் 55 பேர், ஓடி முடித்தவர்கள் 27 பேர்தான். முதலில் மைதானத்துக்குள் நுழைந்த இத்தாலியர் டொரான்டோ பியத்ரி ஐந்து முறை விழுந்தார், அதிகாரிகள் கைகொடுத்ததால் தகுதி இழந்தார், தங்கம் ஹேய்ஸுக்குப் போயிற்று. வெயில் தாக்கினாலும் நாடி மெலியும், கால் பின்னும். மருந்தா, வெயிலா, இரண்டும் சேர்ந்ததா என்று இனி யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. பயிற்சி போதாததால் விழுந்தார் என்ற மூன்றாவது விளக்கம்தான் உங்கள் குறிப்பில் இருந்தது; மூன்றிலும் வலுவில்லாதது அதுவே. ஏனென்றால் அடுத்த ஏழு மாதங்களில் நடந்தது அதற்கு நேர் எதிர்.

லண்டனில் தோற்றும் வென்ற பியத்ரியை உலகமே கொண்டாடியது. அமெரிக்காவில் மாரத்தான் மோகம் தலைக்கேறியது. லாங்போட் வெளிப்படையாகத் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனார். 1908 டிசம்பர் 15 அன்று நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் அவருக்கும் பியத்ரிக்கும் நேருக்கு நேர் மாரத்தான். கூரைக்குள் ஓட்டம், பத்துச் சுற்றுக்கு ஒரு மைல், ஆக 260 சுற்றுக்கு மேல். பார்வையாளர்களின் சுருட்டுப் புகை அரங்கை நிறைத்திருந்தது. இருவரும் கடைசிவரை ஒட்டியே ஓடினார்கள். இன்னும் அரை மைல் அளவு இருக்கும்போது லாங்போட் வேகத்தைக் கூட்டினார். பின்தொடர முயன்ற பியத்ரி சுருண்டு விழுந்தார். 1909 ஜனவரி 2 அன்று பஃபலோ நகரில் மறுபந்தயம். பியத்ரி 19ஆம் மைலில் விலகிக்கொண்டார்.

பிறகு ஆல்ஃபி ஷ்ரப். என் கணக்கில் லாங்போட்டின் வாழ்வில் ஆகச் சிறந்த பந்தயம் அதுதான், பாஸ்டனைவிட. ஷ்ரப் சாதாரண ஆள் அல்லர். 1904 நவம்பரில் கிளாஸ்கோவில் ஒரு மணி நேரத்தில் 18,742 மீட்டர் ஓடிய இங்கிலாந்துக்காரர். இரண்டு மைல் முதல் பத்து மைல் வரை அவரை அண்ட அன்று உலகில் ஆள் இல்லை. 1909 பிப்ரவரி 5, மீண்டும் அதே மாடிசன் சதுக்க அரங்கம். துப்பாக்கி வெடித்ததும் ஷ்ரப் பறந்தார். சுற்றுக்குமேல் சுற்றாக லாங்போட்டைத் தாண்டிக்கொண்டே போனார். இரண்டு சுற்று, மூன்று சுற்று, அதற்கும் மேல். பார்த்தவர்கள் பந்தயம் முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். லாங்போட் தன் வேகத்தை மாற்றவில்லை. எதிராளி கண்ணெதிரில் தன்னை மறுபடி மறுபடி தாண்டும்போது வேகத்தைக் கூட்டாமல் ஓடுவது எவ்வளவு கடினம் என்று தடகளத்தில் ஓடியவர்களுக்குத்தான் தெரியும். கால்கள் தானாகவே துரத்தத் துடிக்கும். 20 மைலை ஒட்டி ஷ்ரப்பின் ஓட்டம் தளர்ந்துவிட்டது. நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார். லாங்போட் ஒவ்வொரு சுற்றாகத் திரும்பப் பிடுங்கினார். தூரம் முடிய இரண்டு மைல் அளவு இருந்தபோது ஷ்ரப் விலகினார்.

அதன் பிறகு இருவரும் பல முறை மோதினார்கள். மொத்தம் பத்துப் பந்தயம். 20 மைலும் அதற்கு மேலும் உள்ள எல்லாவற்றிலும் லாங்போட் வென்றார், அதைவிடக் குறைந்த தூரம் எல்லாவற்றிலும் ஷ்ரப் வென்றார். எனக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரம் இது. கடைசி ஆறு மைலில் சரியாமல் நிற்கும் உடல் பிறவியில் கிடைத்துவிடாது. ஆண்டுக்கணக்கில் நீண்ட நேரம் காலில் நின்று சேர்க்க வேண்டிய வலு அது. மேலாளர்கள் கேலி செய்த அந்தப் பல மைல் நடையிலும்தான் அது சேர்ந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

1909இன் தொடக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ஃபிளானகன் லாங்போட்டின் ஒப்பந்தத்தை நியூயார்க்கின் பாட் பவர்ஸ் என்பவருக்கு 2000 டாலருக்கு விற்றுவிட்டார். ஓட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. பந்தயக் குதிரையை விற்பதுபோல் தன்னை விற்றுவிட்டதாக லாங்போட் மனம் நொந்து சொன்னதாகப் பதிவு உண்டு. 1909 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் போலோ மைதானத்தில் ஆறு பேர் ஓடிய, மொத்தப் பரிசு 10,000 டாலர் என்று அறிவித்த பெரிய மாரத்தான் நடந்தது. யாரும் எதிர்பாராத பிரெஞ்சுக்காரர் ஆன்றி சான் ஈவ் வென்றார். பியத்ரி இரண்டாவது, ஹேய்ஸ் மூன்றாவது. ஷ்ரப்பும் லாங்போட்டும் முடிக்கவில்லை. உடனே ‘இந்தியன் தீர்ந்துவிட்டான்’ என்று எழுதினார்கள். அதே நாளில் விலகிய ஷ்ரப்பை யாரும் சோம்பேறி என்று எழுதவில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை நான்கு மாதத்துக்குள் நான்கு மாரத்தான் போட்டிகளில் அவரை இறக்கியிருந்தார்கள். இன்றைய உலகத் தரமான வீரர் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் ஓடுவார், மிஞ்சினால் மூன்று. எந்தக் காலும் தாங்காத சுமை அது. அவருடைய மதிப்பு சரிந்ததும் ஒப்பந்தம் மறுபடி கைமாறியது, இம்முறை 700 டாலருக்கு.

கதையை இங்கே முடித்துவிடுகிறவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை. பின்னர் அவர் தன் ஒப்பந்தத்தைத் தானே மீட்டுக்கொண்டார், தன் பந்தயங்களைத் தானே ஏற்பாடு செய்துகொண்டார். 1912இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 15 மைலை 1 மணி 18 நிமிடம் 10 நொடியில் ஓடித் தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கான உலக சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 14 நொடி. 24 கிலோமீட்டர் முழுவதும் அந்த வேகம். மேலாளர்கள் யாரும் கட்டுப்படுத்தாத, தன் விருப்பப்படி பயிற்சி செய்த காலத்தில் ஓடிய ஓட்டம் இது. சோம்பேறி என்ற வாதத்துக்கு எதிராக என்னிடம் இருக்கும் மிக வலுவான சான்றும் இதுவே.

குடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடித்தார் என்பது உண்மை. 1911இல் டொராண்டோவில் குடிபோதைக்காக நீதிமன்றத்தில் நின்றதும் உண்மை. சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, அன்று கனடாவின் இந்தியர் சட்டப்படி பழங்குடியினருக்கு மது விற்பதும் அவர்கள் அதை வைத்திருப்பதுமே குற்றம். ஷாம்பெயினும் பிராந்தியும் ஓட்டக்காரர்களுக்கு வழியிலேயே கொடுத்த காலம் அது. வெள்ளைக்கார வீரர் வெற்றிக்குப் பின் ஒரு கோப்பை குடித்தால் செய்தி ஆகாது. லாங்போட் குடித்தால் தலைப்புச் செய்தி. அவர் குடிக்கு அடிமையாக இருந்தாரா என்றால், 1912இன் அந்த நேரத்தை ஓடிய உடல் அப்படி இருந்திருக்காது என்பதே என் கணிப்பு. பிற்காலத்தில் 17 ஆண்டு ஒரே வேலையில் நிலைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1916இல் படையில் சேர்ந்தார். பிரான்சில் 107ஆம் முன்னோடிப் படைப்பிரிவில் செய்தி கொண்டு ஓடுபவராக இருந்தார். அதே பிரிவில் ஜோ கீப்பர் என்ற கிரீ இன ஓட்டக்காரரும் இருந்தார், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் நான்காவதாக வந்தவர். பதுங்குகுழிகளுக்கு இடையே சேற்றில் ஓடியதற்கு நடுவே படையினரின் ஓட்டப் பந்தயங்களிலும் லாங்போட் வென்றார். 1917இல் பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனிடம் அவர் செய்தித்தாள் வாங்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவர் இறந்துவிட்டதாக ஊருக்குத் தவறான செய்தி போனதாகவும், அதனால்தான் மனைவி லொரெட்டா மறுமணம் செய்துகொண்டதாகவும் சொல்வார்கள். மறுமணம் நடந்தது உறுதி. காரணம் அதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போருக்குப் பின் அவர் மார்த்தா சில்வர்ஸ்மித்தை மணந்தார், நான்கு பிள்ளைகள்.

கடைசியாக அந்தக் குப்பை. 1927 முதல் 1944 வரை டொராண்டோ மாநகராட்சியில் தெருத் துப்புரவுப் பணியில் இருந்தார். உலகப் பொருளாதாரம் சரிந்து, லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் உணவுக்கு வரிசையில் நின்ற 1930களில், மாதம் தவறாமல் சம்பளம் தந்த மாநகராட்சி வேலை அது. அந்தச் சம்பளத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார். துடைப்பத்தோடு அவரைப் பார்த்து ‘அந்தோ வீழ்ச்சி’ என்று எழுதியவர்கள், வண்டியும் துடைப்பமும் பிடிப்பதையே இழிவாக எண்ணியவர்கள். ஓடிச் சம்பாதித்த பணம் பெருமளவு கரைந்தது உண்மைதான். சொத்து வாங்கி விற்றதில் நஷ்டம், மேலாளர்களின் பங்கு, உறவினருக்கு அள்ளிக் கொடுத்தது என்று பல வழிகளில் போயிற்று. ஆனால் அந்த வேலையைத் தண்டனைபோல் காட்டுவது அநியாயம். ஓய்வு பெற்றுச் சொந்த நிலப்பகுதிக்குத் திரும்பி, 1949 ஜனவரி 9 அன்று இறந்தார்.

லாங்போட்டைச் சோம்பேறியாகவும் அறிவு குறைந்தவராகவும் சித்தரித்ததில் டொராண்டோ பத்திரிகையாளர் லூ மார்ஷுக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாவின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு வீரருக்கான விருது பல பத்தாண்டுகள் மார்ஷின் பெயரில்தான் இருந்தது. அவருடைய இனவெறி எழுத்துகளைச் சுட்டிக்காட்டிப் பலர் போராடிய பிறகு 2022இல் அந்தப் பெயரை மாற்றினார்கள். மாறாக, பழங்குடி விளையாட்டு வீரர்களுக்கு லாங்போட் பெயரில் 1951 முதலே விருது வழங்குகிறார்கள். நீங்கள் படித்த குறிப்பு மார்ஷ் காலத்துச் சொற்களை யாரோ எடுத்து மறுபடி சுருக்கி எழுதியதாக இருக்கலாம்.

இனி உங்கள் மகன். அவனை நான் பார்த்ததில்லை, அதனால் அவன் நடக்கும் நாள்கள் ஓய்வா, உண்மையிலேயே ஆர்வக் குறைவா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நடந்த நாளுக்கு மறுநாள் அவன் ஓடுவதைப் பாருங்கள். 400 மீட்டர் திரும்பத் திரும்ப ஓடும் நாளில் கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிறதென்றால், நடை அவனுக்கு வேலை செய்கிறது. காலையில் படுக்கையில் இருந்தபடியே நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட நிமிடத்துக்கு ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் அன்று அவன் நடப்பதே சரி. 16 வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு கடினமான நாளும் ஒரு நீண்ட ஓட்டமும் போதும், மற்ற நாள்கள் மெதுவாக ஓடலாம், நடக்கலாம், ஒரு நாள் முழுதாகச் சும்மா இருக்கலாம். உடற்கல்வி ஆசிரியர் தினமும் முழு வேகத்தில் ஓடச் சொல்கிறார் என்றால் பையனை நடுவில் நிறுத்தாமல் நீங்களே அவரிடம் நேரில் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாக எந்த நாளும் ஓடவே மனம் வரவில்லை, தூக்கமும் பசியும் குறைந்திருக்கிறது என்றால் திட்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சத்து அளவுகளைப் பார்த்துவிடுங்கள். லாங்போட்டின் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் ஷ்ரப்போடு அவர் ஓடிய பந்தயத்திலிருந்து தொடங்குங்கள். 3000 மீட்டர் ஓடும் பையனுக்கு முதல் இரண்டு சுற்றில் பிறர் பின்னால் பாய்ந்துவிடாமல் இருக்க அது உதவும்.